சின்ன மணி முதலில்

திருச்சி விமான நிலையத்தில் என் கைப்பையைப் பார்த்துவிட்டு எந்திரம் கத்தியது. அதிகாரி என்னைத் தனியே அழைத்துப் பையைத் திறக்கச் சொன்னார். பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். என் உள்ளங்கை நீளம் இருக்கும், அதற்கு மேல் கனம். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது எதைத் திறக்கும்மா?"

"ஒரு இரும்புப் பெட்டியை."

"பெட்டி எங்கே இருக்கு?"

"நாச்சியாபுரத்தில்."

"உங்க பெட்டியா?"

"இல்லை. நான் பார்த்ததுகூடக் கிடையாது."

உண்மையைச் சொன்னால் இதுதான் கதி. அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் அலுத்துப்போய் அனுப்பிவிட்டார்.

விஷயம் இதுதான். பினாங்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் நாச்சியப்பன். அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருடைய பூர்வீக வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் நாச்சியாபுரத்தில். அந்த வீட்டில் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று. கூடப் பிறந்த மூன்று பேர் அதற்கு ஆளுக்கொரு சாவி வைத்திருந்தார்கள். மூன்று சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். வயதான காலத்தில் மூவரும் சாவிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் காலமானார்கள். மூத்தவர் மகன் மெய்யப்பன், நடுவில் பிறந்தவர் மகன் சொக்கலிங்கம், இளையவர் மகன் எங்கள் நாச்சியப்பன். பிள்ளைகள் காலத்தில் மூன்று சாவியும் ஒரே அறையில் சேரவே இல்லை. பெட்டியும் திறக்கவே இல்லை.

இப்போது சொக்கலிங்கத்துக்கு மணிவிழா. வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். அவர் மனைவி அழகம்மையின் கழுத்துரு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. கழுத்துரு என்பது நகரத்தார் வீட்டுப் பெரிய தாலி. கல்யாணத்தன்று கழுத்தில் ஏறும். அப்புறம் கழற்றி வைத்துவிட்டு அன்றாடத்துக்குச் சின்னத் தாலி போட்டுக்கொள்வார்கள். மறுபடி அது கழுத்தில் ஏறுவது கணவனின் அறுபதில்தான். பெட்டி திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் கேஸ் கட்டரை வைத்து அறுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். சூடு உள்ளே போனால் தங்கம் என்னவாகும், நூல் என்னவாகும் என்பது யாருக்கும் தெரியாது.

நாச்சியப்பண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தார். கால் நன்றாக இருந்தாலும் போயிருப்பாரா என்பது சந்தேகம்தான். "எங்க வீட்டுல நான் கடைசிப் பங்காளி. விபூதித் தட்டு சுத்தி எங்கிட்ட வந்து சேரும்போது தட்டு மட்டும்தான் இருக்கும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஊரை விட்டு வந்தவர் திரும்ப ஒரு முறைகூட அங்கே போகவில்லை. சாவியைக் கூரியரில் அனுப்பவும் மனம் வரவில்லை. "நீ பேங்க்குல பெட்டகச் சாவி வச்சிருந்த ஆளு. நீ போயிட்டு வா" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு இப்படி ஒரு உத்தியோகம். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

பேருந்தில் ஏறியதும் ஜன்னல் காற்று என்னைத் தாலாட்டிவிட்டது. கண் விழித்தபோது பேருந்து பாதிக்கு மேல் காலி.

"காரைக்குடி வந்துருச்சா?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"அது எப்பவோ போயிருச்சே தாயி. கத்திக் கத்திப் பாத்தேன். நீங்க பையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அசந்து தூங்குனீக. இது தேவகோட்டை."

தேவகோட்டையில் இறங்கினேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். சாலை முழுக்க சீருடைகள், சைக்கிள்கள். அவற்றுக்கு நடுவே, எந்த அரசனும் குடியிருக்காத அரண்மனைகள் போலப் பெரிய வீடுகள் சும்மா நின்றுகொண்டிருந்தன. டீக்கடையில் பழக்கதோஷத்தில் "கோப்பி ஓ" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, பால் இல்லாத காபியை வருத்தத்தோடு நீட்டினார். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள், "எங்குட்டுப் போகணும்?" என்று கேட்டாள். நாச்சியாபுரம் என்றதும், "அங்குட்டு நிக்கிற பஸ்ஸுல காரைக்குடி போங்க, அங்க மாறிக்கங்க. இந்தத் தடவை தூங்கிறாதீக" என்றாள். நான் தூங்கியது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். பைப்பிடியின் தழும்பு பதிந்திருந்தது.

நாச்சியாபுரம் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வீடு முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. மணிவிழாவுக்காகச் சுண்ணாம்பு அடித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அழகம்மை வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒல்லியான, வேகமாக நடக்கும் பெண்மணி.

"வாங்க ஆச்சி. பசியாறினீகளா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பாதிக் களைப்பு போய்விட்டது. மலேசியாவில் நாங்களும் பசியாறுகிறோம். தமிழ்நாட்டில் மற்ற ஊர்களில் நான் அப்படிச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எங்கள் பேச்சு எங்கிருந்து கப்பலேறியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆச்சி என்றுதான் அந்த வீட்டில் எல்லாரும் என்னைக் கூப்பிட்டார்கள். பினாங்கில் நான் வெறும் ஆன்ட்டி.

இடியாப்பமும் கோழிக் குழம்பும் போட்டாள். எங்கள் ஊரில் இடியாப்பத்தைத் தேங்காய்ப்பூவும் சீனியும் தூவிச் சாப்பிடுவோம் என்றேன். "அது சாமிக்குப் படைக்கிற மாதிரியில்ல இருக்கு" என்றாள். சாப்பிட்டு முடித்ததும், சாவியைப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டாள். துணியைப் பிரித்துக் காட்டினேன். தொடவில்லை. பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னைக்குப் பயத்துல நான் அந்தக் கழுத்துருவச் சரியாக் குனிஞ்சுகூடப் பாக்கலை ஆச்சி. கனமா இருந்துச்சு, அதுதான் தெரியும்" என்றாள்.

புதன்கிழமை காலை பெட்டி இருந்த அறைக்குப் போனோம்.

பேங்கில் வாழ்நாளைக் கழித்தவள் நான். பெட்டகம் என்றால் சாம்பல் நிறத்தில், பார்த்தாலே அலுப்புத் தட்டும் வஸ்து என்றுதான் தெரியும். இது அப்படியில்லை. என் உயரத்துக்கு ஒரு இரும்புக் கதவு. விளிம்பெல்லாம் பித்தளைக் குமிழ்கள். நடுவில் மேலும் கீழுமாக மூன்று பித்தளைக் கிளிகள். மேலே இருப்பது பெரியது, அடுத்தது நடுத்தரம், கீழே இருப்பது குஞ்சு. கிளியை விரலால் ஒதுக்கினால் பின்னால் சாவித்துவாரம். கையை எடுத்தால் கிளி தானே திரும்பி வந்து துவாரத்தை மூடிக்கொள்ளும். எத்தனையோ வருடம் தொடப்படாத கிளி, நேற்று எண்ணெய் போட்டதுபோல அசைந்தது. நான் அதைத் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தேன். சொக்கலிங்கம் தொண்டையைச் செருமினார்.

மெய்யப்பன் வந்திருந்தார். வீட்டுக்கு மூத்தவர். நிமிர்ந்த உடம்பு, வெள்ளை வேட்டி, நிறைய விபூதி. "எல்லாம் சீமையில செஞ்சது. நம்மாளுக இந்த மாதிரி செய்ய மாட்டாக" என்று கதவைத் தட்டிக் காண்பித்தார். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, தன் சாவியை முதலில் மேல் துவாரத்தில் விட்டார். அவருடையதுதான் பெரிய சாவி. பாதிச் சுற்றில் கடக்கென்று நின்றது. அடுத்து சொக்கலிங்கம். அவர் சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. கடைசியில் நான். மூன்றில் சின்னதான என் சாவியும் கீழ்த் துவாரத்தில் அசையவில்லை.

எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். மெய்யப்பன், சொக்கலிங்கம், நான். தையல் மெஷின் எண்ணெய் விட்டு மறுபடியும் மெய்யப்பன், சொக்கலிங்கம், நான். எங்கள் பேங்கிலும் மேலாளர் சாவி முதலில், என் சாவி அப்புறம். அதனால் எனக்கும் அந்த வரிசையில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அந்த வீட்டில் பந்தியில் உட்காருவதும், பத்திரிகை கொடுப்பதும், கோயில் மரியாதை வாங்குவதும் மூத்த புள்ளியிலிருந்துதான் தொடங்கும். புள்ளி என்றால் அவர்கள் கணக்கில் ஒரு குடும்பம்.

மெய்யப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் சாவியை வாங்கிப் பார்த்தார். "பினாங்கு உப்புக் காத்துல பல்லு தேஞ்சிருக்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, "இது அந்தச் சாவிதானா, இல்ல அவன் வேற எதையும் குடுத்து விட்டானா?" என்றார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "அதிகாரிகிட்டே திருடி மாதிரி உட்கார்ந்துட்டுக் கொண்டாந்த சாவிங்க இது" என்றேன். வெளியே வந்து நாச்சியப்பண்ணனுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "எங்க அப்பச்சி என் கையில வச்சு மூடிக் குடுத்த சாவிம்மா. நான் வேற எதைக் குடுப்பேன்?" என்றார். அப்பச்சி என்றால் அவர்கள் பேச்சில் அப்பா. போனை வைத்த பிறகு எனக்கு அந்தப் பெட்டி மேலேயே ஆத்திரம் வந்தது.

பூட்டு தெரிந்த ஆள் யாராவது கிடைப்பார்களா என்று மதியம் சொக்கலிங்கம் என்னைக் காரைக்குடிக்குக் கூட்டிப் போனார். வழியில் கார் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்றில்லை. சொக்கலிங்கம் சாலையோரத்தில் நின்று, "என் அறுபதாம் கல்யாணம் நடக்குறதுக்குள்ள எனக்கு எம்பதாயிரும்போல" என்றார். டிராக்டர் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் இறக்கிவிட்டது. செட்டியார் வீட்டு விருந்தாளி வைக்கோல் ஒட்டிய சேலையோடு இறங்கியதை அந்தத் தெரு நன்றாகவே வேடிக்கை பார்த்தது.

அந்தக் கடைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பீங்கான் ஜாடிகள், கல்யாணப் படங்கள், தூண்கள், கதவுகள், யாரோ வீட்டு ஊஞ்சல். நாங்கள் நுழைந்த கடை சாகுல் பாயுடையது. உள்ளே மேசை விசிறி ஒன்று இருந்தது. மின்கம்பியே கிடையாது. அடியில் சின்ன விளக்கு.

"இது மண்ணெண்ணெய்ல ஓடுற ஃபேன். கரண்டு வராத காலத்துல செஞ்சது" என்றார் பாய்.

"இப்போ ஓடுமா?"

அவர் திரியை ஏற்றிவிட்டு எங்களுக்குத் தேநீர் சொன்னார். தேநீர் வந்து, குடித்து முடித்ததும் எழுந்து போய் இறக்கையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். விசிறி சுற்றத் தொடங்கியது. சத்தமே இல்லை. நெருப்பின் சூட்டிலிருந்து குளிர்ந்த காற்று என் முகத்தில் வந்து பட்டது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சூடான காற்று விரிந்து தண்டைத் தள்ளுகிறது, ஆறியதும் சுருங்கி இழுக்கிறது என்று பாய் விளக்கினார். விளங்கியது. விளங்கிய பிறகும் ஆச்சரியம் குறையவில்லை. கடையில் பழுதாகிக் கிடந்த சீன விசிறி ஒன்றையும் பார்த்தேன். போன வருடம் வாங்கியதாம்.

சொக்கலிங்கம் பெட்டியைப் பற்றிச் சொல்லி, கைப்பேசியில் படமும் காட்டினார். பாய் படத்தைப் பெரிதாக்கி, கிளிகளை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மாதிரி ஒண்ணு கேள்விப்பட்டிருக்கேன், பாத்ததில்ல. அறுக்கப் போறேன்னு சொல்றீகளே, வேண்டாம். அறுத்துக் கொண்டு வந்தீகன்னா எடை போட்டு வாங்குவேன். தொறந்து காட்டுனீகன்னா நானே அங்குட்டு வந்து கும்பிட்டுட்டுப் போவேன்."

"சாவி திரும்பலையே பாய்" என்றேன்.

"பூட்டு கெட்டுப் போயிருந்தா சாவி உள்ளேயே போகாது. உள்ள போயி நிக்குதுன்னா, அது உங்கள எதுக்கோ நிக்கச் சொல்லுது. எதுக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வேறு ஆள் யாரையும் சொல்லவும் இல்லை. வாடகைக் காரில் திரும்பும்போது சொக்கலிங்கம் வெல்டிங் கடையில் நிறுத்தி, கடைசி நேரத்தில் அல்லாட வேண்டாம் என்று முருகேசன் என்பவரை மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை நான் எழுந்தபோது அடுப்படியில் எண்ணெய் வாசனை. அழகம்மை வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். அது எண்ணெயில் மல்லாந்து, பூப்போல விளிம்பு விரிந்து வரும்போது எடுக்க வேண்டும். நான் முயன்றது எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் மாதிரி வந்தது. அதையும் தட்டில் மற்றவற்றோடு வைத்தாள்.

அவள் முகம் சரியில்லை. நேற்றிலிருந்து ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது, சொன்னால் சிரிப்பீர்களா என்று கேட்டாள். சிரிக்க மாட்டேன் என்றேன்.

"நேத்து மணியே அடிக்கலையே ஆச்சி."

"என்ன மணி?"

"அந்தப் பெட்டிக்குள்ள மணி இருக்கு. எங்க கல்யாணத்தன்னைக்குச் சாயங்காலம் கழுத்துருவ உள்ள வைக்கிறதுக்காகப் பெட்டியத் தொறந்தாக. எங்க மாமனாரும் அவுக அண்ணனும் தம்பியுமா மூணு பேரும் உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாக. அடுத்த அறையில நான் ஒத்தையில உக்காந்திருந்தேன். புதுப் பொண்ணு, ஒரு முகம் தெரியாது. காதத் தீட்டிக்கிட்டுத்தான உக்காந்திருப்பேன்? முதல்ல கிணிங்குன்னு சன்னமா ஒரு மணி. அப்புறம் கொஞ்சம் பெரிசா ஒண்ணு. கடைசியாக் கோயில் மணி மாதிரி. அப்புறந்தான் கதவு தொறந்த சத்தம்."

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சின்னச் சாவிக்குச் சின்ன மணியாத்தான இருக்கும்?"

சாகுல் பாய் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டு எங்களை நிற்கச் சொன்னது. யாருக்காக நிற்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. "இதை நேற்றே சொல்லக்கூடாதா?" என்றேன்.

"யாரு என்னக் கேட்டாக?"

முன்கட்டில் சிலிண்டர் உருளும் சத்தம் கேட்டது. முருகேசன் வந்துவிட்டார். நான் அழகம்மையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் கையில் பணியார மாவு, என் கையில் எண்ணெய். அறைக்குள் மெய்யப்பனும் சொக்கலிங்கமும் நின்றிருந்தார்கள். முருகேசன் கண்ணாடி மாட்டிக்கொண்டு, "பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்து வெட்டணும்பாக. எங்குட்டு வெட்டணும், சொல்லுங்கண்ணே" என்று கதவில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு நடுக்கிளியின் கழுத்தைத் தொட்டுவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். மணி விஷயத்தைச் சொன்னேன்.

மெய்யப்பன் சிரித்தார். "மணி துருப்புடிச்சிருக்கும். இந்த வீட்டுல எது செஞ்சாலும் மூத்த புள்ளிதான் முதல்ல. எங்க அப்பச்சி சாவிதான் முதல்ல போட்டிருப்பாக."

அழகம்மை அவர் முன்னால் அதிகம் பேசாதவள். அன்றைக்குப் பேசினாள். "அப்ப நீங்க உள்ள இருந்தீகளா?"

"இல்ல. நான் பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்தேன்."

"நான் பக்கத்து அறையில இருந்தேன். கேட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓடியதை என்னால் படிக்க முடிந்தது. கடைசிப் பங்காளியின் சாவி முதலில் போவது. அதுவும் ஒரு வெளியாள் கையால். அவர் அப்பச்சியும் மூத்தவர்தான், அவர் எப்படிச் சம்மதித்திருப்பார்? முருகேசன் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கடைசியில் மெய்யப்பன் ஓரடி பின்னால் போனார். "சரி, போடுங்க" என்றார்.

குஞ்சுக் கிளியை ஒதுக்கிச் சாவியை விட்டேன். திருப்பினேன். வெண்ணெயில் திரும்புவதுபோல முழுச் சுற்றும் போய் நின்றது. கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

கிணிங்.

அழகம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து சொக்கலிங்கம். அவர் சாவியைத் திருப்பியதும் இரண்டாவது மணி, இன்னும் கொஞ்சம் கனமாக. பிறகு மெய்யப்பன். அவர் முன்னே வந்து தன் சாவியைப் போட்டார். நேற்று பாதியில் நின்றது இன்று முழுதாகச் சுற்றியது. பெரிய மணி ஒலித்து, அந்த நாதம் இரும்பு முழுக்கப் பரவி அடங்குவதற்கு வெகுநேரமானது. நான் கதவில் கை வைத்திருந்தேன். அந்த அதிர்வு முழங்கை வரை வந்தது. அவ்வளவு கனமான கதவு என் ஒரு விரலுக்குத் திறந்தது.

கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். துளையிட்ட பித்தளைத் தகட்டுக்குப் பின்னால் பூட்டின் உடம்பு முழுக்கத் தெரிந்தது. நெம்புகோல்கள், சுருள்வில்கள், பற்சக்கரங்கள், கிண்ணம் கவிழ்த்தாற்போல மூன்று மணிகள். துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. கோல்களின் மேல் செதுக்கிய ஒரு பூங்கொடி ஓடியது, ஒன்றில் தொடங்கி அடுத்ததில் தொடர்ந்தது. பூட்டு பூட்டியிருக்கும்போது கொடி அறுந்து நிற்கும். திறந்தால்தான் துண்டுகள் நேராகச் சேர்ந்து முழுக்கொடி ஆகும். பெட்டி திறக்கும் நாளில், திறப்பவர்கள் மட்டும் பார்ப்பதற்காக ஒரு மனிதன் உட்கார்ந்து அந்தக் கொடியைச் செதுக்கியிருக்கிறான். வெளியே இருக்கும் கிளிகளின் அலகும் கண்ணும்தான் நமக்குத் தெரியும். உள்ளே அவற்றின் வால் இறகுகளையும் விடாமல் கொத்தியிருந்தான்.

முருகேசன் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். தகட்டுக்குள் டார்ச் அடித்து அடித்துப் பார்த்தார். "ஒரு எடத்துலயும் வெல்டு இல்லண்ணே. அம்புட்டும் அரத்தால ராவி ராவிப் பொருத்துனது" என்றார். தான் போட்ட சுண்ணாம்புக் கோட்டைத் தோளில் கிடந்த துண்டால் அவரே துடைத்தார்.

மெய்யப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கோல்களின் முனையில் சின்னச் சின்ன எழுத்துகள். என் சாவிக்கான கோலில் ௧, சொக்கலிங்கத்தினுடையதில் ௨, அவருடையதில் ௩. தமிழ் எண்கள். சீமையில் செய்த பெட்டி என்று அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தது அங்கேயே முடிந்துபோனது. செய்தவன் பெயரைத் தேடினோம். எங்கும் இல்லை.

"பெரியவன் சாவி முதல்ல போனா மத்த ரெண்டையும் அடச்சுக்கிரும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் மெய்யப்பன். "கடைசிப் பய வராம நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. பங்காளிகளப் பத்தி அந்த ஆசாரிக்கு எம்புட்டுத் தெரிஞ்சிருக்கு."

அழகம்மையின் கழுத்துரு மேல்தட்டில் மரப்பேழைக்குள் இருந்தது. நூலில் மஞ்சள் நிறம்கூடப் போகவில்லை. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு உருப்படியாகத் தொட்டுப் பார்த்தாள். அழுதுகொண்டே பார்த்தாள். அடுப்பில் பணியாரம் கருகும் வாடை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

வெள்ளிக்கிழமை மணிவிழா நடந்தது. கழுத்துருவின் கனத்தில் அழகம்மை கொஞ்சம் குனிந்துதான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் இந்த முறை குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாகுல் பாய் சொன்னபடி வந்து, பந்தியில் உட்காருவதற்கு முன் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் கழுத்துருவை உள்ளே வைத்துப் பூட்டினோம். பூட்டும்போது வரிசை மாறியது. மெய்யப்பன் சாவி முதலில், என் சாவி கடைசியில். பூட்டுவதற்கு மூத்தவர், திறப்பதற்கு இளையவர். யார் மனமும் புண்படாமல் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான் அந்த மனிதன். சாவியை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாமே என்று யாரோ சொன்னதற்கு மெய்யப்பன்தான் மறுத்தார். "அது அவன் சாவி. அவன்கிட்டதான் இருக்கணும்."

அன்று காலை நடந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். முகூர்த்தம் முடிந்து விபூதித் தட்டு வந்தது. முதலில் எடுப்பது மூத்தவர்தான். மெய்யப்பன் எடுத்தார், ஆனால் பூசிக்கொள்ளவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, விபூதியை அதில் வைத்து மடித்து என்னிடம் கொடுத்தார். சாவி இருந்த என் கைப்பையைக் கண்ணால் காட்டினார். அப்புறம்தான் தனக்கு எடுத்துக்கொண்டார்.

பினாங்கு திரும்பியதும் நாச்சியப்பண்ணன் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். கால்கட்டை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பெட்டி திறந்த கதை போனிலேயே அவருக்குத் தெரியும். சாவியைக் கொடுத்தேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பொட்டலத்தைக் கொடுத்தேன்.

"என்ன இது?"

"விபூதி. உங்க பெரியண்ணன் மடிச்சுக் கொடுத்தாரு."

பிரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தட்டுல மிச்சம் இருந்ததா?"

"தட்டு நிறைய இருந்துச்சுண்ணே. யாரும் கை வைக்கலை. உங்களுக்குத்தான் முதல்ல எடுத்தாரு."

அவர் விரல் நிறைய எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். மீதியை ஒரு துகள் சிந்தாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சாவியைத் துணியில் சுற்றியபடி என்னைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் கட்டு பிரிக்கிறாங்க. திருச்சிக்கு எந்தெந்தக் கிழமை விமானம்னு கொஞ்சம் பாத்துச் சொல்றியாம்மா?"